ஆள் இல்லாத படங்கள்

குழந்தையின் தொடையில் வைத்த பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே இஞ்ஞாசியம்மாள் இன்னொரு கையை மேசை இழுப்பறைக்குள் விடுகிறார். அலறும் குழந்தையைத் தாய் தோளில் போட்டுத் தட்டத் தொடங்குமுன், ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அவள் முகத்துக்கு நேராக வந்துவிடுகிறது.

“பாரு. இன்னா கொற?”

“ஒரே பொகையா கீது நர்சம்மா.”

“பொக இல்ல, பனி. நல்லா பாரு, மல தெரீது.”

“மலதான் வெளிய போனா தெரீதே.”

பெஞ்சில் காத்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். ஆனால் படம் உள்ளே போவதில்லை. அடுத்த ஆளிடம் நகர்கிறது.

கல்வராயன் மலையடிவாரத்தில் துணைச் சுகாதார நிலையம். புதன்கிழமை தடுப்பூசி. வியாழக்கிழமை கரியாலூர் பஸ்ஸில் மலைக்குப் போவார். மருந்துப் பெட்டி ஒரு தோளில். மறு தோள் பையில், துண்டில் சுற்றிய பெட்டிக் கேமரா. பாண்டிச்சேரியில் வேலை பார்த்த அண்ணன் கொடுத்தது.

அவர் எடுப்பதெல்லாம் இவைதான்: ஏரியின் மேல் அசையாமல் கிடக்கும் வெளிச்சம், மலை வளைவில் மேகம் ரோட்டைத் தாண்டும் நேரம், மழை விட்ட பின் தலை சாய்ந்த சாமைக் கொல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்பது மறந்துபோகும். எதிலும் ஆள் இல்லை. யாராவது வந்துவிட்டால் வந்தவர் தாண்டிப் போகும்வரை காத்திருப்பார். “ஆளு வந்துட்டா எல்லாரும் ஆளத்தான் பாப்பாங்க. மல வுட்டுப்பூடும்” என்பது அவர் கட்சி.

நல்லா கீது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். “அத எங்க வூட்டுக்காரரே சொல்வாரு.” கணவர் தைரியநாதன் திருக்கோவிலூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர், படத்தைப் பார்க்காமலே நல்லா கீது என்பவர். அதனால் ஊரில் எல்லோருக்கும் ஒரு குறை தயாராக இருக்கும். காய்ச்சல் மாத்திரைக்கு வரும் சடையன் எப்போதும் ஒன்றையே சொல்வார்: “வரப்பு கோணலா கீதும்மா.”

கள்ளக்குறிச்சியில் படம் கழுவித் தரும் ஸ்டூடியோக்காரர் தனசேகரனுக்கும் ஒரே குறைதான். “ஆளே இல்லியே சிஸ்டர். கல்யாணப் படம்னா பொண்ணு மாப்ள கீறாங்க. இதுல யாரப் பாக்கறது?”

அவர் கடைக் கண்ணாடிப் பெட்டியில் மணப்பெண்களும், மொட்டையடித்த குழந்தைகளும் இருப்பார்கள். இஞ்ஞாசியம்மாள் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அந்தப் பெட்டியைப் பார்ப்பார். தன் படம் ஒன்றை அதில் வைக்கச் சொல்லி வாய்விட்டுக் கேட்டதில்லை.

எண்பத்தேழு புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. பஸ் இல்லை. விடிகாலையில் நடந்தே வேலைக்குக் கிளம்பியவர், ஊர் தாண்டியதும் நின்றுவிட்டார். ரோட்டோரப் புளிய மரங்கள் வெட்டப்பட்டுக் குறுக்கே கிடந்தன. அத்தனை வருஷம் கிளைகள் மூடியிருந்த இடத்தில் வானம் திறந்திருந்தது. ரோடு முடியும் இடத்தில், பனிக்குள், முழு மலையும் வந்து நின்றது. படுத்த மரங்களின் இலைகள் இன்னும் பச்சையாக இருந்தன. ஒரு சத்தமும் இல்லை. ஒரே ஒரு படம் எடுத்தார்.

அதைக் கழுவிய தனசேகரன் குறை சொல்லவில்லை. அவராகவே பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் நடுவில் வைத்தார். இஞ்ஞாசியம்மாள் எதிர்ப்பக்கம் போய் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டார்.

அடுத்த புதன்கிழமை ராணியம்மாள் குழந்தைக்கு ஊசி போட வந்தாள். இஞ்ஞாசியம்மாள் வழக்கம்போலச் சிறிய பிரதியை நீட்டினார். அவள் குறை எதுவும் சொல்லவில்லை. பெஞ்சிலிருந்தவர்கள் போகும்வரை படத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

“நர்சம்மா, இதுல எங்க வூட்டுக்காரு கீறாரு.”

“ஆளே இல்லியே.”

இடது மூலையைத் தொட்டுக் காட்டினாள். கிளை என்று நினைத்திருந்தது கிளையில்லை. அடிமரத்தின் மேல் ஒற்றைக் காலை ஊன்றி, கோடரியைத் தோளில் சாத்தி ஒருவன்.

“கெடயாது. இது யாருன்னு எப்டி தெரியும்?”

“கலப்பய தோள்ல சாத்தசொல்லோ இப்டிதான் நிப்பாரு. ஊருக்கே தெரியும். மரம் வெட்டனது யாருன்னு போலீசு வந்துக்கினே கீது. அவரு வூட்டாண்டயே வர்றதில்ல.” குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். “இத யாருக்குனா காட்னீங்களா?”

இஞ்ஞாசியம்மாள் படத்தை வாங்கி இழுப்பறைக்குள் போட்டார். மருந்துப் பெட்டியைப் பூட்டிவிட்டுக் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினார்.

ஸ்டூடியோவில் ஒரு கான்ஸ்டபிள் கண்ணாடி முன் தலைவாரிக்கொண்டிருந்தார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர்.

“அந்தப் படத்த எறக்கிக் குடுங்க” என்றார் இஞ்ஞாசியம்மாள்.

“ஏன் சிஸ்டர்? போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாங்க!”

“அதுல கொற கீது.”

“இன்னா கொற?”

கான்ஸ்டபிள் சீப்பைப் பையில் செருகிக்கொண்டு திரும்பினார்.

“ஆளே இல்லன்னு நீங்கதான எப்பவும் சொல்வீங்க. அதான்.”

தனசேகரன் இஞ்ஞாசியம்மாளின் முகத்தைப் பார்த்தார். பிறகு படத்தை இறக்கி, மூலையை ஒருமுறை உற்றுப் பார்த்து, நெகட்டிவையும் சேர்த்துப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

“அது நம்ம ரோடாட்டம் கீதே” என்றார் கான்ஸ்டபிள்.

“எல்லா ரோடும் அப்டிதாங்க கீது இப்ப” என்றார் தனசேகரன்.

கண்ணாடிப் பெட்டியின் நடுவில் இப்போது காதுகுத்திய குழந்தை ஒன்று சிரிக்கிறது. பெரிய படம் இஞ்ஞாசியம்மாள் வீட்டு இரும்புப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில். நெகட்டிவை அடுப்பில் போட்டுவிட்டார். ஆனால் அந்தச் சிறிய பிரதியைக் காட்டாமல் இருக்க மட்டும் அவரால் முடியவில்லை.

இந்தப் புதன்கிழமை அது சடையன் முன்னால் வந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்துக்குள் வெகுதூரம் போய்வந்தார். மலை, பனி, படுத்த மரங்கள்.

“கொற சொல்லுங்க.”

“கொற ஒண்ணுமில்ல. எடது மூலயில ஒன் வெரலு மறைக்குதும்மா. எடு, பாக்கலாம்.”

“அது கெடக்கட்டும். மத்தத சொல்லுங்க.”

கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. நகம் வெளுத்தது.