மதகுக்கு அந்தப் பக்கம் கொழும்பு

நான் மாகாண வீதிப் பகுதியில் டி.ஓ., அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர். எங்கள் நாட்டு அதிகாரப் பகிர்வை (கூட்டாட்சி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கொழும்பில் கோபிப்பார்கள்) நான் வீதியில்தான் படித்தேன். ஏ, பி வகுப்பு வீதிகள் மத்திக்கு, அதாவது கொழும்பு அரசுக்கு. சி, டி மாகாணத்துக்கு. ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு.

தெல்லிப்பழைப் பக்கம் எங்கள் சி வீதி ஒன்று மத்தியின் வீதியில் போய் ஏறுகிறது. எங்கள் வாய்க்கால் தண்ணீர், அந்தப் பெரிய வீதியின் கீழுள்ள மதகால்தான் வெளியேற வேண்டும். மதகு மண்ணால் தூர்ந்து கிடந்தது. மத்தியின் சொத்தைத் தொடலாமா? முறைப்படி, தலைமை அலுவலகம் வழியாகக் கொழும்புக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. மாரி வந்துவிட்டது. சரி, எங்கள் எல்லையையாவது ஒழுங்காக வைப்போம் என்று பெக்கோ இயந்திரத்தைப் பிடித்து வாய்க்காலைக் கடைசி அடிவரை தோண்டினேன். பார்க்க அழகாக இருந்தது. படமும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்கு, முன்பு மெல்ல வந்த வெள்ளம் ஒரே ஓட்டமாக வந்து மதகில் முட்டி, பக்கத்திலிருந்த ஈஸ்வரியக்காவின் வெங்காயத் தோட்டத்துக்குள் ஏறியது.

"தம்பி, உங்கடை பக்கம் வடிவாத்தான் கிடக்கு. அந்தத் தண்ணியெல்லாம் என்ரை வெங்காயத்துக்கை நிக்குதே, பாத்தனீங்களோ?" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வெட்கத்தை விட்டு, மத்தியின் யாழ்ப்பாண அலுவலகப் பொறியியலாளர் றஞ்சனுக்குப் போனில் கோல் எடுத்தேன். என் பள்ளிக்கூடத்தில் படித்தவன், எனக்கு இரண்டு வகுப்பு இளையவன்.

"அண்ணை, மதகை உடைச்சுக் கட்டுறதெண்டாத்தான் கொழும்பு. மண் அள்ள நானே காணும். முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"எல்லாம் அங்கை கொழும்பிலைதான் எண்டு நினைச்சிட்டன்ரா."

"சரி, பெக்கோவைக் கொண்டு வாங்கோ. நான் ஆக்களோடை வாறன்."

வந்தான். காற்சட்டையை மடித்துக்கொண்டு அவனும் தண்ணீருக்குள் இறங்கினான். அவன் ஆட்களும் என் ஆட்களும் சேர்ந்து மத்தியானத்துக்குள் மதகைத் திறந்துவிட்டார்கள். ஈஸ்வரியக்கா எல்லாருக்கும் தேத்தண்ணீர் தந்தார், எனக்கும்தான். ஆனால் எட்டுப் பாத்தி வெங்காயம் அழுகிப் போயிற்று.

தையில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. "இது தொடர்பாக உங்கள் பகுதிப் பொறியியலாளரை அணுகவும்." அந்தப் பொறியியலாளர் றஞ்சன்தான். அவன் அலுவலகம் எங்கள் அலுவலகத்துக்கு அடுத்த தெருவில்.

புதிதாக வரும் டி.ஓ.மாருக்குச் சொல்வது இதுதான். எது யாருடையது என்று சட்டம் சொல்லும். தண்ணீர் அடுத்ததாக யாரிடம் போகிறது என்பதை நீங்கள்தான் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். நான் நடக்காத அந்த ஒரு தெருவுக்காக ஈஸ்வரியக்கா எட்டுப் பாத்தி கொடுத்தார்.