கடலுக்குக் கீழே போன றோட்டு

என் மனைவி ரொறொன்ரோவில் ஒருநாளும் சப்வேயில் ஏறியதில்லை. டவுன்டவுனில் வேலை கிடைத்த காலத்திலும் நாங்கள் இருக்கிற மோர்னிங்சைடிலிருந்து பஸ் மாறி மாறித்தான் போய்வந்தாள். எங்கள் அப்பார்ட்மென்ட் மூன்றாம் மாடியில். லிஃப்ட் இருக்கிறது, அவளுக்குப் படிதான். நிலத்துக்குக் கீழே கார் நிறுத்துகிற இடமென்றால் வாசலிலேயே இறங்கிவிடுவாள். பனி கொட்டினாலும் நான் மேலே வரும்வரை வெளியில் நிற்பாள். நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிய சொந்தக்காரர்கள் வீடு காட்டும்போது எல்லாரும் பேஸ்மென்ட்டுக்கு இறங்குவார்கள். இவள் குசினியில் நின்று அலுமாரிக் கதவுகளைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

காரணத்தை ஒரே ஒருமுறை சொன்னாள், கலியாணம் முடித்த புதிதில். ஊரில் குண்டு போட்ட காலத்தில் வீட்டு வளவுக்குள் பங்கர் வெட்டியிருந்தார்கள். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. ஒருநாள் பக்கத்துக் காணியில் குண்டு விழுந்து பங்கரின் ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே இவளும் தங்கச்சியும். இவளுக்குப் பதினைந்து வயது, தங்கச்சிக்கு ஒன்பது. அயலவர்கள் வந்து கிண்டி எடுக்கும்வரை இவள் ஒரு கையால் தங்கச்சியின் முகத்தில் விழுகிற மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். இவ்வளவும் சொல்லிவிட்டு, 'இனி இதைக் கேக்கக் கூடாது' என்றாள். நான் கேட்கவில்லை.

அந்தத் தங்கச்சி இப்போது நோர்வேயின் வட கோடியில் ஒரு தீவில் இருக்கிறாள். அதற்கு நானும் ஒரு காரணம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓரிடத்தில் நிற்கிற புத்தி கிடையாது. கனடா வரமுதல் பல நாடுகளில் அலைந்தேன். அந்தத் தீவின் மீன் தொழிற்சாலையில் இரண்டு பனிக்காலம் நின்று கொட் மீன் வெட்டினேன். விரல் விறைத்துப்போனால் கத்தி பட்டதும் தெரியாது, இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். சம்பளம் நல்லது. என்னோடு அறையில் இருந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். நான் கனடா வந்து கலியாணம் முடித்த அடுத்த வருடம், மனைவியின் தங்கச்சிக்கு, என் மச்சாளுக்கு, அவனைக் கலியாணம் பேசினோம். அவள் ஊரிலிருந்து நேரே அந்தத் தீவுக்குப் போய் இறங்கினாள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கச்சியும் நேரில் காணவில்லை.

ஒவ்வொரு கலியாணவீட்டுக்கும் மனைவி கூப்பிடுவாள். 'கட்டாயம் வாறன் அக்கா' என்பாள் மச்சாள். பிறகு பிள்ளைக்குச் சோதினை, வேலையில் லீவு இல்லை, கால் நோவு என்று ஏதாவது வரும். கடைசியில் மனைவி அலுத்துப்போய், 'அவள் வரமாட்டாள். நாங்கள் போவம். நீங்களும் கார் ஓடவேணும் ஓடவேணும் எண்டு துடிக்கிறியள்தானே' என்றாள்.

உண்மைதான். நான் லொறி ஓட்டுகிறவன், லீவிலும் ஸ்டியரிங்கை விட மனமில்லாதவன். தீவுக்குத் தெற்கே ஒரு பட்டணத்தில் இறங்கி, கார் வாடகைக்கு எடுத்து, கடற்கரையோரமாகவே வடக்கே போவதென்று முடிவுசெய்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அங்கை சுரங்கம் ஏதும் இருக்கோ?"

"இல்லை. தீவுக்கு ஃபெரி. காரோடை ஏத்திக் கொண்டுபோய் விடுவாங்கள். நான் எத்தினை தரம் போயிருக்கிறன்."

அங்கே போய் இறங்கி ஓடத் தொடங்கினோம். வடிவான கரைதான். ஒரு பக்கம் தட்டுத் தட்டாய் உடைந்து நிற்கிற கறுப்புப் பாறை, மறுபக்கம் றோட்டு விளிம்போடு கடல். அங்குமிங்குமாய்ச் சிவப்புப் பலகை வீடுகள். ஆனால் பார்த்து ரசிக்க எங்களால் முடியவில்லை. காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. ரொறொன்ரோவில் நாலு நூற்றியொன்று நெடுஞ்சாலையில் லொறிகளுக்கு நடுவில் ஓடுகிற எனக்கே காரை நேராக ஓட்டுவது பெரும்பாடாக இருந்தது. ஒரு வளைவைத் திருப்பினால் நடுறோட்டில் கலைமான் கூட்டம் நின்றது. பிரேக்கை அமத்திய வேகத்தில் கார் கடல் பக்கமாக இழுத்து, தடுப்புக் கம்பிக்குக் கிட்டப் போய் நின்றது. மான்கள் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"காரைக் கொண்டுபோய்க் கடலுக்குள்ளை விட்டிட்டு ஃபெரி எண்டு சொல்லப் போறியளோ?" என்று கேட்டாள். பகிடிதான். ஆனால் கதவுக் கைபிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பின்னேரம் துறைமுகம் இருந்த இடத்துக்கு வந்தோம். அங்கே துறைமுகம் இல்லை. ஃபெரி வந்து அணைகிற சீமெந்து மேடை வெடித்து, வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. றோட்டு அதற்குப் பக்கத்தால் வளைந்து, மலையின் அடியில் ஒரு வட்டத் துவாரத்துக்குள் இறங்கியது. காருக்குள் இருந்த வரைபடத்தில் தண்ணீருக்குக் குறுக்காக ஒரு கோடு காலையிலிருந்தே தெரிந்தது. நான் அதை ஃபெரி போகிற கோடு என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

காரை ஓரம் கட்டினேன். அவள் நெடுநேரம் அந்தத் துவாரத்தையே பார்த்தாள்.

"எங்கையப்பா உங்கடை ஃபெரி?"

"முந்தி இருந்தது."

"எப்ப?"

"நான் இருந்த காலத்திலை."

"ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையோ? ஒரு சொல்லு?"

கேட்கத் தோன்றவேயில்லை. எனக்குத் தெரிந்த இடம் என்ற நினைப்பு. அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. உதடு வெளுத்துப்போய், மூச்சை வாயால் விட்டுக்கொண்டிருந்தாள். எதிரே, தண்ணீருக்கு அப்பால், தீவு மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்து வாசலில் தங்கச்சி காரோடு காத்து நின்றாள். 'இந்தக் கரையிலை நிக்கிறன்' என்று அவள் சொன்னதை நான் ஃபெரித் துறை என்று எண்ணியிருந்தேன். அவள் புருஷன் மீன்பண்ணைப் படகில் வேலைக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் எங்களுக்குத் திரும்ப விமானம்.

மனைவி தங்கச்சிக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கை நிக்கிறியள் அக்கா? தேத்தண்ணி போத்தலுக்குள்ளை ஆறுது."

"இஞ்சை, இந்தப் பக்கம்தான். எடியே, என்னாலை உதுக்குள்ளாலை வரேலாது."

போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. வெட்டுப்பட்டுவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"அக்கா," என்றாள் தங்கச்சி. "நானும் உதாலை வாறதில்லை."

"என்னடி?"

"உது திறந்த நாளிலை இருந்து ஒருக்காலும் போகேல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால் கரையோரக் கப்பலிலைதான் போவன். பிளேனும் வந்தன்றைக்கு ஏறினதுதான். அதுதான் ரொறொன்ரோவுக்கும்..."

"சோதினை, கால் நோ எண்டதெல்லாம்?"

"சும்மா சொன்னதுதான். உங்களுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரும் எண்டு சொல்லேல்லை. நீங்கள் எல்லாத்தையும் மறந்திட்டியள் எண்டெல்லோ நினைச்சிருந்தன்."

இருபது வருடமாகக் கிழமைக்கு மூன்று தரம் போனில் கதைக்கிறவர்கள். கறி என்ன, பிள்ளைகள் என்ன, யார் யாரோடு கோபம் என்பதெல்லாம் கதைப்பார்கள். இதைக் கதைத்ததில்லை.

"அப்ப கப்பலிலை வருவம்," என்றேன் நான். "திரும்பி, காலமை தாண்டி வந்த பெரிய ஊருக்குப் போய்க் கப்பல் எடுத்தால்..."

"காத்துக்குக் கப்பல் இஞ்சை அணையாது அத்தான். இண்டைக்கும் வராது, நாளைக்கும் வராது எண்டு சொல்லிப்போட்டாங்கள். பரவாயில்லை, நீங்கள் திரும்பிப் போங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன். இவ்வளவு தூரம் வந்தியள், அது காணும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இந்தமுறை திரும்பினால் இவர்கள் இனிக் காணப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு வயது போகிறது.

மனைவி சீற் பெல்ற்றைப் போட்டாள்.

"எடுங்கோ காரை."

"இஞ்சேரும், யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"யோசிச்சால் போகேலாது. எடுங்கோ. தங்கச்சி, போனை வைக்காதை. கதைச்சுக்கொண்டு இரு. என்னத்தையாவது கதை."

உள்ளே நுழைந்ததும் காற்று நின்றது. அதுவரை காரைத் தள்ளிக்கொண்டிருந்த சத்தம் ஒரேயடியாக இல்லாமல்போனது. றோட்டு சரிவாகக் கீழே போனது. கீழே, இன்னும் கீழே. செதுக்காத பாறை இரண்டு பக்கமும் ஈரமாய் மினுங்கியது. கூரையில் கட்டியிருந்த பெரிய விசிறிகள் ஒவ்வொன்றாய்த் தலைக்குமேல் இரைந்து போயின. கண்ணாடியில் தண்ணீர்த் துளிகள் விழுந்தன. உப்புத் தண்ணியோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதை வெளியில் சொல்லவில்லை, வைப்பரைப் போட்டேன்.

போனில் தங்கச்சி கணவாய்க் கறியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். உறைந்த கணவாய்தான், ஆனாலும் பரவாயில்லை, தேங்காய்ப்பால் ரின்னில் வருகிறது, புட்டுக்கு மா வறுத்து வைத்திருக்கிறாள். மனைவி கண்ணை மூடிக்கொண்டு, 'ஓம், ஓம்' என்று சொன்னாள். ஒவ்வொரு ஓமும் சின்னதாகிக்கொண்டே போனது.

"முருங்கையிலை மட்டும் இஞ்சை..." என்றபோது போன் வெட்டுப்பட்டது.

மனைவி கண்ணைத் திறந்தாள். எதிரே சுரங்கம் மட்டுமே தெரிந்தது. முடிவு தெரியவில்லை. அடுத்த கணம் அவள் பெல்ற்றைக் கழற்றிக் கதவைத் திறந்தாள். ஓடுகிற காரில். குளிர் உள்ளே பாய்ந்தது. நான் இடக்கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு வலக்கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவளுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கார் பாறைப் பக்கம் போய்வந்தது.

"விடுங்கோ! மண் விழுது! விடுங்கோ!"

"மண் இல்லையப்பா! தண்ணி! வெறும் தண்ணி!"

அதைவிட மோசமாக ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது. கடலுக்கு அடியில் இருக்கிற மனுசியிடம் தண்ணி என்கிறேன். ஆனால் அவள் இழுப்பதை நிறுத்தினாள். கதவு தானாக அடித்து மூடியது. பிடித்த மணிக்கட்டை நான் விடவில்லை. எனக்கு ஆயுளில் அப்படிப் பயம் வந்ததில்லை. களவாக எல்லை கடந்தபோது வந்ததில்லை. ரஷ்யக் காட்டுக்குள் எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் விட்டுவிட்டு ஓடியபோதும் வந்ததில்லை. அப்போதெல்லாம் என் உயிர் மட்டும்தான்.

றோட்டு மேலே ஏறத் தொடங்கியது. காதில் அடைப்புத் தெரிந்தது. 'ஏறுது, ஏறுது' என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் போனை அமத்தி அமத்திப் பார்த்தாள்.

அப்போது லைற் வெளிச்சத்தில் தூரத்தே ஒரு மஞ்சள் பட்டி மினுங்கியது. முதலில் ஏதோ அறிவிப்புப் பலகை என்று நினைத்தேன். அது அசைந்தது. கிட்டப் போகப் போக ஆள் என்று தெரிந்தது. காருக்குள் வைத்திருக்கிற மினுங்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பாறையைத் தடவித் தடவி, ஒரு பெண் எங்களை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி," என்றாள் மனைவி.

போன் வெட்டுப்பட்டதும் ஏதோ நடந்துவிட்டது என்று உள்ளே இறங்கியிருக்கிறாள். காரில் வந்தால் நடுவில் திரும்ப ஏலாது, நடந்தால் திரும்பி ஓடலாம் என்று நினைத்தாளாம். ஓடாமல் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

நிறுத்தக் கூடாத இடம். நிறுத்தினேன். நிற்கமுதல் மனைவி இறங்கிவிட்டாள். இரண்டு பேரும் பாறையோரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால், கீழிருந்து, ஒரு லொறியின் உறுமல் கேட்டது. சுரங்கத்துக்குள் சத்தம் எங்கேயிருந்து வருகிறதென்று தெரியாது, எல்லாப் பக்கமும் இருந்து வந்தது. லொறி ஓடுகிறது என் தொழில். ஏற்றத்தில் பாரத்தோடு வருகிறவன் வேகத்தை விடமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

"ஏறுங்கோ இரண்டு பேரும்! லொறி வருது! ஏறுங்கோ!"

"நான் காருக்குள்ளை ஏறமாட்டன் அத்தான்."

"விசரே உனக்கு?"

"அவளைப் பேசாதையுங்கோ," என்றாள் மனைவி. "அவள் நடந்து வந்தவள், நடந்துதான் வருவாள். நானும் நடக்கிறன்."

எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டுக் கீழ்நோக்கி ஓடினேன். ஜக்கற்றைக் கழற்றி நடுறோட்டில் நின்று வீசினேன். வெளிச்சம் கண்ணை முழுக்க மூடியது. கால்கள் ஓடு என்றன. பிரேக் காற்று சீறியது. லொறி நின்றது. சாரதி கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான், என்னையும் மேலே நடந்துபோகிற இரண்டு பெண்களையும். நான் கையால் அவர்களைக் காட்டினேன். அவன் தலையாட்டிவிட்டுத் தன் விளக்குகளையும் மினுக்கவிட்டான்.

நான் காரை நடை வேகத்தில் அவர்களுக்குப் பின்னால் எடுத்தேன். என் பின்னால் லொறி. கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். விசிறிச் சத்தத்துக்கு நடுவில் அவர்கள் கதைப்பது விட்டு விட்டுக் கேட்டது.

"மெலிஞ்சு போனாய்."

"நீங்கள்தான். அத்தான் சாப்பாடு தாறேல்லையோ?"

"அவரோ? ஃபெரி ஃபெரி எண்டு கூட்டிக்கொண்டு வந்தவர்."

தங்கச்சி சிரித்தாள். பிறகு இருவரும் நின்றுவிட்டார்கள். தங்கச்சி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், இனி ஏலாது என்று தலையை ஆட்டினாள். மனைவி அவள் முதுகில் கையை வைத்து ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி நடந்தார்கள்.

மேலே சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. வாசல். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், அவர்கள் இருவரும் முதலில் வெளியே போகும்வரை பின்னால் ஊர்ந்தேன்.