என் மேசையும் அத்தையின் சால்டரிங்கும்

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை நெருங்கியபோது என் மேசையில் பதினேழு சூட்டுத் தழும்புகள் இருந்தன. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு நம்பர் எழுதி வைத்திருந்தேன். அத்தைக்கு உறைக்கட்டும் என்றுதான். அவளோ எட்டிப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, எம்மருமவ நம்பர்லாம் போட்டு வச்சிருக்கா பாரு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது ஒன்றும் ராஜா வீட்டு மேசை இல்லை. இரும்புக் கால், பிளைவுட் பலகை, மேலே வெளிர்மஞ்சள் சன்மைக்கா. ஆனால் மரக்காணத்தில் எங்கள் தெருவில் படிப்பதற்கென்றே மேசை வைத்திருந்த பிள்ளை நான் ஒருத்திதான். உப்பளத்தில் வேலை செய்த அப்பா, திண்டிவனத்திலிருந்து பஸ் மேல் ஏற்றி அதைக் கொண்டுவந்து இறக்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. சிநேகிதிகளை அதன்மேல் முழங்கை வைக்கக்கூட விடமாட்டேன். அப்படிப்பட்ட மேசைக்கு வந்த கதியைப் பாருங்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. தீபாவளி கழித்து ஒரு பையோடு வந்து இறங்கினாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போய்விடுவாள் என்று அம்மா சொன்னாள். நாலு நாள் நாலு மாதமானது. மாமா குடித்துவிட்டு அடிக்கிறார், இனி அங்கே போகமாட்டேன் என்கிறாள் என்று பெரியவர்கள் குசுகுசுத்தது என் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன செய்ய? என் கவலையெல்லாம் மேசையைப் பற்றித்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் அத்தை ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் லைனில் இருந்தவள். எங்கள் ஊர் உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டார்ச் லைட்டோ ரிமோட்டோ, எதை வாங்கினாலும் ஒரு வருஷத்துக்குள் உள்ளே பச்சையாகப் பூத்துப் போய்விடும். அத்தைக்கு ரிப்பேர் தெரியும் என்று ஒருத்தருக்குத் தெரிந்ததும் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கொசு பேட், சார்ஜர், எமர்ஜென்சி லைட் என்று வாசலில் வரிசை கட்டினார்கள். வீட்டில் வெளிச்சமும் பிளக்கும் ஒன்றாக இருந்த ஒரே இடம் ஜன்னலோரம். ஜன்னலோரம் இருந்தது என் மேசை. அப்புறமென்ன, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வீடெல்லாம் புகை, மேசையெல்லாம் ஈயத் துளி.

முதலில் பேப்பரை விரித்தேன். ஈயம் சொட்டிப் பேப்பரைப் பொசுக்கிக்கொண்டு நேராக சன்மைக்காவில் போய் உட்கார்ந்தது. அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டேன். சால்டரிங் பேஸ்ட் ஊறி அட்டையே மேசையோடு ஒட்டிக்கொண்டது. பழைய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டேன். அது சுருங்கி உருகி, நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் அத்தையே ஒரு யோசனை செய்தாள். என்ன யோசனை தெரியுமா? நான் சோறு சாப்பிடும் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டாள்! அதன்மேல் வைத்த பேட்டரி தட்டில் பட்டுப் பொறி பறந்தது. தட்டின் அடியில் ஈயம் ஒட்டிக்கொண்டது. இனி இதில் சோறு போடக்கூடாது என்று அம்மா அதைத் தூக்கிக் கடாசினாள். எனக்கு மேசையும் போச்சு, தட்டும் போச்சு.

"கம்பெனியில நீலக் கலர்ல ஒரு மேட்டு போட்டிருப்பாங்கடீ. சூடும் ஏறாது, கரண்டும் அடிக்காது. அது மட்டும் இருந்தா உம்மேஜை மேல ஒரு புள்ளி உழாது" என்பாள் அத்தை.

"அப்ப அத வாங்கேன் அத்த."

"கொத்தனாருகிட்ட ஒரு உடைஞ்ச டைல்ஸு கேட்டிருக்கேன். நாளைக்குத் தரேன்னிருக்காரு."

அந்த நாளைக்கு வரவே இல்லை. கேட்டுக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

பங்குனியில் உப்பளக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் முதலாளி. அளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டி கெட்டுவிட்டதாம். உள்ளிருந்த சர்க்யூட் கார்டைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். இதை அத்தை சரிசெய்துவிட்டால், திண்டிவனத்தில் தன் தம்பி நடத்தும் மோட்டார் கடையில் அவளைச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அங்கேயே லேடீஸ் ஹாஸ்டலில் இருந்துகொள்ளலாம். வேலை கிடைத்துவிட்டால் தங்கையை மாமாவிடம் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அவர் குரல் தழுதழுத்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். சமாதானம் பேசவென்று மாமா வீட்டார் அடுத்த ஞாயிறு வருவதாக ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. கார்டு சரியானால் அத்தை திண்டிவனம் போவாள், மேசை எனக்குத் திரும்பும். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கார்டு பிழைக்க வேண்டும் என்று அத்தையைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவள் நான்தான்.

மூன்று நாள் அத்தை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். கடைசி நாள் முதலாளி சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிறுக்கு இரண்டே நாள் பாக்கி. இன்னும் ஒரு தழும்புகூட விழக்கூடாது என்று நான் ஒரு காரியம் செய்தேன். அப்பா கொண்டுவந்திருந்த வெள்ளை உப்புச் சாக்கு ஒன்றை அலசி, உச்சிவெயிலில் மொட்டைமாடியில் போட்டேன். மொடமொடவென்று காய்ந்தது. நாலாக மடித்து மேசையில் விரித்தேன்.

"காஞ்சிடுச்சா?" என்றாள் அத்தை.

"எப்பவோ காஞ்சிடுச்சு."

கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சமர்த்துடீ நீ" என்றாள்.

உப்புச் சாக்கை எத்தனை அலசினாலும் உப்பு போகாது; மத்தியானம் காயும், சாயங்காலக் கடல்காற்று அடித்தால் திரும்ப ஈரம் கோத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அன்றைக்குப் பார்த்து இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆறு மணிக்கு முதலாளி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை கடைசிக் கம்பியை ஈயம் வைத்து ஒட்டி, கார்டைச் சாக்கின்மேல் வைத்துக் கரண்டு கொடுத்தாள். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. "பாருங்க" என்று அவள் திரும்பினாள். அவ்வளவுதான். கார்டின் அடியில் ஈரம் கோத்திருந்த சாக்கில் படபடவென்று பொறி பறந்து, டப்பென்று வெடித்துக் கறுத்துவிட்டது. அவள் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கியதில் சால்டரிங் அயர்ன் உருண்டு சாக்கில் விழுந்தது. எடுப்பதற்குள் அந்த பிளாஸ்டிக் சாக்கு உருகி, உள்ளங்கை அகலத்துக்குக் கொழகொழவென்று சன்மைக்காவோடு ஒட்டிவிட்டது.

முதலாளி எழுந்தார். "பரவால்லம்மா, உடு. பாண்டிச்சேரியில குடுத்துப் பாத்துக்கறேன்" என்றார். திண்டிவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் அவரையும் பார்க்கவில்லை, கார்டையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் அந்த வெள்ளைத் திட்டைத்தான். நாலு மாத எரிச்சலும் ஒன்றாகக் கிளம்பித் தொண்டைக்கு வந்தது. வீடே அதிரக் கத்தினேன்.

"இது எம்மேஜை! உனக்குன்னு வூடு இல்லையா? உன் வூட்டுக்குப் போயி எரிச்சிக்க, போ!"

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். யாரும் அடிக்கவில்லை. அப்பா முதலாளியோடு வெளியே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அத்தை ஒரு பிளேடை எடுத்துவந்து ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைச் சுரண்ட ஆரம்பித்தாள். "கோச்சிக்காதடீ, சுத்தமா எடுத்துடறேன்" என்றாள். விளக்கு வைத்தும் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. புகையால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். டீ குடித்தார்கள். அத்தை மறுப்பாள் என்று அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். கிளம்பும்போது என் கன்னத்தைத் தட்டி, "நல்லா படி" என்றாள். பஸ் வரைக்கும் அப்பா போனார்.

எனக்கு ஒரே பெருமை. நாலு மாதமாகப் பெரியவர்களால் முடியாததை நான் ஒரே சத்தத்தில் முடித்துவிட்டேன் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. மேசையை ஈரத்துணியால் துடைத்தேன். புத்தகங்களைப் பழையபடி அடுக்கினேன். ஜன்னலைத் திறந்துவைத்து ஜம்மென்று படிக்க உட்கார்ந்தால், அடுப்பங்கரையிலிருந்து அழுகைச் சத்தம். ஒரு பக்கம்கூடப் படிக்க விடவில்லை. எனக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. எழுந்து போய் அம்மாவைக் கேட்டேன்.

"அத்த அவுங்க வூட்டுக்குத்தானம்மா போயிருக்காங்க? அதுக்குப் போயி ஏன் இப்பிடி அழுவுற?"