அத்தி மரத்தில் ஏறிய பிரம்பு

குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தபோது, ஓடைக்கரை மரங்களில் பிரம்பு ஏறியிருப்பதைப் பார்த்தேன். நாற்காலி பின்னுகிற பிரம்பு ஒரு கொடி என்பதே அன்றுதான் தெரிந்தது. கொடி என்றாலும் பனை, தென்னைக்கு உறவு. உதிர்ந்து கிடந்த பழங்களை ஈரத் துணியில் முடிந்து, பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தேன்.

செதில் செதிலான தோலை உரித்து, சதையைக் கழுவி, விதைகளை நிழலில் மணலுக்குள் ஊன்றி ஈரச் சாக்குப் போட்டேன். மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. சாக்கை எடுத்துவிடலாம் என்றிருந்த சமயத்தில் முளை விட்டது. தக்காளியும் கரும்பும் பழகிய கை அல்லவா, கன்றுகளை நல்ல வெயிலில் நட்டேன். இலைகள் கருகின. மிஞ்சிய ஒன்றைப் பிடுங்கி, வாய்க்கால் ஓரம் அத்தி மர நிழலில் வைத்தேன். அது பிழைத்தது. இரண்டாம் வருடம் சாட்டை போல நீண்ட தண்டை வீசி, பூனை நகம் போன்ற முட்களால் மரத்தைப் பிடித்துக்கொண்டது.

மரம் வரப்புக்கு அந்தப் பக்கம், பக்கத்து நிலத்து அக்காவுடையது. கோடையில் ஆட்டுக்குத் தழை வெட்டுவார்.

"மரத்தை இன்னிக்கு மொட்டையடிக்கப் போறாங்களாம்" என்றாள் மனைவி. "உங்க பிரம்பு வெயில்ல வெந்துடும். போயி ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்க என்ன கடிச்சா வைக்கப் போறாங்க?"

போனேன். அக்கா அரிவாள் கட்டிய தொரட்டியோடு மரத்தடியில் இருந்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வாய்க்காலில் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள், "யார்றா அவன், முந்தானையப் புடிச்சி இழுக்கறது?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆடுகள் சிதறின. இழுத்தது பிரம்பு.

"இழுக்காதீங்க அக்கா, கிழிஞ்சிடும்! பின்னால ஒரு எட்டு வாங்க" என்று ஓடினேன். பிரம்பு முள் கீழ்நோக்கி வளைந்திருக்கும். முன்னால் இழுத்தால் இறுகும், பின்னால் தளர்த்தினால் விட்டுவிடும். ஒவ்வொன்றாக விடுவித்தேன்.

"அட, உங்களுக்குப் பேச்சு வருமா?" என்றார் அக்கா. "இத்தனை வருசமா தலையத்தானே ஆட்டுவீங்க! ஆமா, இது என்ன, ஈச்சங்கன்னா?"

பழம், மணல், கருகியது, பிழைத்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தவே முடியவில்லை. கடைசியில்தான் கேட்க வந்தது வாயில் வந்தது: "இந்தப் பக்கத்துக் கிளைய மட்டும் விட்டுடுங்க அக்கா. நிழல் போனா செத்துடும்."

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "சரி, கிழக்கால வெட்டிக்கறேன். ஆனா வழியில நீட்டற சாட்டைய நீங்கதான் கழிக்கணும். இன்னொரு சேலையப் புடிச்சான்னா அருவாதான்."

இப்போது காலையில் முதல் வேலை அதுதான். கத்தியோடு போய், வழியில் நீட்டியதை மட்டும் கழிப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா குரல் கொடுப்பார்: "உங்க ஆளு உச்சாணிக் கிளையையும் புடிச்சிட்டான், பாத்தீங்களா?"

"பாத்தேங்க அக்கா" என்று நானும் உரக்கச் சொல்வேன்.