கப்பல்காரன் யார் என்று கேட்டார்கள்

இதை எழுத உட்காரும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆறிப்போன விஷயம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

எழுபதுகளின் பிற்பாதி. டில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆபீஸ் ஆர்.கே.புரத்தில். அங்கேயே அண்ணனுடைய குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இந்தி பாதி புரியும், பதில் சொல்ல வராது. பக்கத்து செக்ஷனில் கிளார்க்காக இருந்த பெண் எனக்கு நேர் எதிர். டில்லியிலேயே பிறந்தவள், வீடு சரோஜினி நகர். கோபம் வந்தால் இந்தி, கணக்குக் கூட்டினால் இந்தி. தமிழ் எழுத்தை அவளுடைய அம்மா பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். எழுதினால் சின்ன ர-வும் பெரிய ற-வும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. மெட்ராஸிலிருந்து ரயிலில் வரும் அந்தப் பத்திரிகை மூன்று நான்கு நாள் தாமதமாக ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளமும் காப்பிப்பொடியும் விற்கிற கடைக்கு வந்து சேரும். ஒரு பிரதிதான் வாங்குவோம். மத்தியான இடைவேளையில் கேண்டீனில் உட்கார்ந்து நான் வாசிக்க, அவள் கேட்பாள். பழைய காலத்துத் துறைமுகப்பட்டினம் ஒன்றில் நடக்கிற கதை. உப்புக் கிடங்கு வைத்து நடத்துகிற ஒரு பெண். அவளிடம் மட்டும் வாயடைத்துப் போகிற ஒரு கப்பல்காரன். ஒரு வாரம், ஒரே ஒரு பாராவில், புயல் அடித்துக் கப்பல்காரன் செத்துப்போனான். அடுத்த பாராவில் உப்புக்காரிக்கு வேறொரு வணிகன் பெண் கேட்டு வந்துவிட்டான்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "இவ்வளவு நாளா நம்மள உட்கார வெச்சுட்டு, ஒரு பாராவா? அவ அழக்கூட இல்லையே. அழறதுக்குக்கூட ஒரு லைன் குடுக்கலையே."

"செத்தான்னுதான் எழுதியிருக்கு. பிணம் கரை ஒதுங்குச்சுன்னு எழுதலைல்லா?" என்றேன் நான்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்போ நீ கப்பல்காரன். எனக்கு லெட்டர் போடு. நான் பதில் போடறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆபீஸில் ஒரு பக்கம் மட்டும் சைக்ளோஸ்டைல் ஆகி, எழுத்து மங்கிப்போய், குப்பைக்குப் போகிற தாள்கள் ஏராளம். அவற்றின் பின்பக்கத்தில் எழுதினோம். நாங்களே சில விதிகள் வைத்துக்கொண்டோம். அவளுடைய ஆள் என்ன நினைக்கிறாள் என்று நான் எழுதக் கூடாது, என்னுடைய ஆளைப் பற்றி அவள் எழுதக் கூடாது. ஒருவர் எழுதியதை மற்றவர் இல்லையென்று ஆக்கக் கூடாது. யாரையும் கொல்லக் கூடாது. மூன்றாவது விதியை எழுதும்போது அவள் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது.

என் கப்பல்காரன் முதல் கடிதத்தை ஒரு மீனவத் தீவிலிருந்து எழுதினான். கால் முறிந்திருக்கிறது, உயிர் இருக்கிறது, வருவேன் என்று உருக உருக நான்கு பக்கம். அவள் கட்டிப்பிடித்து அழுகிற மாதிரி ஒரு பதில் வருமென்று எதிர்பார்த்தேன். இரண்டு நாள் கழித்து வந்த கடிதம் இப்படித் தொடங்கியது: உன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல். நீ விடியற்காலையில் புறப்பட்டுப் போனதை நான் ஏன் வலை பின்னுகிறவன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டும்?

எழுதும்போது இதை நான் யோசிக்கவே இல்லை. கப்பல்காரனும் யோசித்திருக்கவில்லை. மூன்று நாள் யோசித்துத்தான் எழுத முடிந்தது. அவள் எப்போதும் இப்படித்தான் செய்தாள். நான் அலங்காரமாக எதையாவது எழுதிக் கொடுப்பேன். அவள் அதற்குள் கையை விட்டு, நான் மறைத்து வைத்ததை வெளியே எடுத்துப் போடுவாள். எழுத்துப் பிழைகளோடு அவள் எழுதிய அந்தக் கடிதங்கள் என்னுடையவற்றைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தன. அன்றே எனக்கு அது தெரியும். அவளிடம் சொல்லவும் செய்தேன். "சும்மா இரு யார்" என்று, தோழியைக் கூப்பிடுகிற இந்தி 'யார்' போட்டுச் சொன்னாள்.

ஏறக்குறைய எட்டு மாதம் எழுதினோம். அண்ணன் வீட்டில் எனக்கென்று ஓர் அலமாரித் தட்டுகூடக் கிடையாது. அதனால் இரண்டு பேர் கடிதங்களும் அவளுடைய மேஜை டிராயரில் இருந்தன.

ஒரு நாள் நான் கொடுத்த கடிதத்தை அவள் ஒரு ஃபைல் அட்டைக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். பியூன் வந்து மேஜை மேலிருந்த ஃபைல்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் தப்பே இல்லை. அண்டர் செக்ரட்டரி ஒரு பஞ்சாபிக்காரர். ஃபைலைத் திறந்தால் நான்கு பக்கம், தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. அவர் செய்யக்கூடியதைத்தான் செய்தார். எங்கள் தளத்திலிருந்த தமிழ் செக்ஷன் ஆபீசரைக் கூப்பிட்டு இது என்னவென்று கேட்டார்.

அந்த மனிதருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். டில்லித் தமிழர்களின் எந்தக் கூட்டத்திலும் முதல் வரிசையில் உட்காருகிறவர். மலை மந்திர் முருகன் கோயிலில் அவளுடைய அப்பாவுக்குப் பழக்கமானவர். அவர் கடிதத்தை முழுக்கப் படித்தார். அதிலே ஒரு வரி, 'கரையேறினால் நான் முதலில் தட்டுவது உன் கதவைத்தான்.' அதை அவர் ஆங்கிலத்தில், அந்த ஆள் இவளுடைய அறைக்கு வருவதாகத் தேதி குறிக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். தீவு, புயல், உடைந்த பாய்மரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். கடைசியில் 'உன் கப்பல்காரன்' என்று நான் கையெழுத்திட்டிருந்தேன். அதிலிருந்து அவர் கண்டுபிடித்தது, ஆள் கடற்படையில் இருக்கிறான் என்பது.

மொழி தெரியாதவர் தவறாகப் புரிந்துகொண்டால் பொறுத்துக்கொள்ளலாம். இவருக்குத் தமிழ் தெரியும். பாய்மரக் கப்பலில் எவனும் இப்போது உத்தியோகம் பார்ப்பதில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

அவளை அண்டர் செக்ரட்டரியின் அறைக்குக் கூப்பிட்டு விட்டார்கள். டிராயரைத் திறந்து கட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். விஷயம் என் காதுக்கு வந்து நான் போய்க் கதவருகில் நின்றபோது, உள்ளே செக்ஷன் ஆபீசர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கதைங்கிறே. எந்தப் பத்திரிகையில வந்துது?"

"வரல சார். நாங்களே எழுதினது."

"பத்திரிகையில வந்தாத்தான்மா கதை. வரலைன்னா அது லெட்டர். அந்த நேவிக்காரன் யாரு, அதைச் சொல்லு. அப்பாகிட்ட நான் பக்குவமாப் பேசிக்கறேன்."

நான் உள்ளே போய்விட்டேன். அனுமதி கேட்டேனா என்று நினைவில்லை. "கப்பல்காரன் நாந்தான் சார்" என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, குழந்தையிடம் சிரிப்பது போல. "ஃப்ரெண்டுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்காதேம்மா. இது பொம்பளை எழுத்து இல்லை. நான் எத்தனை படிச்சிருக்கேன். படிச்சாத் தெரியாதா?"

அந்த ஒரு நொடி, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நொடி கோபம் வந்தது. அங்கிருந்த மேஜையிலிருந்தே ஒரு தாளை எடுத்தேன். நின்றுகொண்டே எழுதினேன். கப்பல்காரனின் அடுத்த கடிதம். முறிந்த கால் கூடிவிட்டது, ஆனால் அரை அங்குலம் குட்டையாகிவிட்டது, நொண்டிக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்க என் ஆணவம் இடம் கொடுக்கவில்லை என்று அரைப் பக்கம். எழுதி அண்டர் செக்ரட்டரி முன்னால் வைத்தேன்.

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத மனிதர். "ஏக் ஹீ ஹாத் ஹை" என்றார். ஒரே கைதான். பிறகு என்னைப் பார்த்து, "தும்னே லிகா? அச்சா?" என்று, நீயா எழுதினாய் என்பதை இந்தியில் கேட்டுவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். அவர் அளவில் விஷயம் முடிந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார்.

செக்ஷன் ஆபீசருக்குத்தான் முடியவில்லை. தாளை எடுத்துப் படித்தார். முகம் மாறியது. மன்னிப்பு வரும் என்று முட்டாள்தனமாகக் காத்திருந்தேன்.

"அப்போ இது இன்னும் மோசம்" என்றார். "ஒரு ஆம்பளை எழுதினான்னா வயசுக் கோளாறுன்னு விடலாம். கல்யாணமாகாத பொண்ணு ஆம்பளை மாதிரி யோசிச்சு யோசிச்சு எழுதறதுன்னா, இதை என்னன்னு சொல்றது?"

என்னவென்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அரசுத் தாளை வீணாக்கியது என்று எழுதி இரண்டு பேருக்கும் மெமோ கொடுத்தார்கள். எப்படியும் கசங்கிக் குப்பைக்குப் போகவிருந்த தாள்கள் அவை.

நான்கு நாளில் பதில் தர வேண்டும். நான் என் பதிலை நானே எழுதிக் கொடுத்தேன். கப்பல்காரனின் கடிதங்களை எழுதியது நான், உப்புக்காரியின் கடிதங்களை எழுதியது அவள், இது இரண்டு பேர் சேர்ந்து எழுதிய கதை, இதில் யாருக்கும் தீங்கில்லை. அவ்வளவுதான்.

அவளுடைய பதில் டைப் அடிக்க என்னுடைய மேஜைக்கே வந்தது. வேண்டுமென்று அனுப்பினார்களா, வழக்கம்போல வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆங்கில வரைவு, செக்ஷன் ஆபீசரின் கையெழுத்தில். கடிதங்கள் அனைத்தையும், இரண்டு தரப்பையும், என் சக ஊழியரே கற்பனை செய்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொடுத்தேன். எனக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. கீழே அவள் பெயர்.

இரண்டு கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். 'எனக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது' என்ற இடத்தில் மட்டும் விரல் நின்றது. நின்று, பிறகு அடித்தது. மத்தியானம் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தேன். கண் வீங்கியிருந்தது. அப்பா இரண்டு நாளாக அவளோடு பேசவில்லை, அம்மா சாப்பிடவில்லை, செக்ஷன் ஆபீசர் வீட்டுக்கே வந்து, ஒருத்திமேல் போட்டால் இன்னொருத்தி தப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்மேல போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லலட்டி" என்றேன். "எனக்கு அண்ணன் இருக்கான், ரெண்டு ஏச்சு ஏசுவான், போயிரும். ஆனா நீ எழுதினதை நான் எழுதினேன்னு கையெழுத்துப் போட்டுருக்கியே. வலை பின்னுறவன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணுமான்னு கேட்டியே, அதை நான் எழுத முடியுமா? அந்த மாதிரி ஒரு வரி எனக்கு வருமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "யாருக்கு வேணும் யார் அது? நானா பத்திரிகைக்குப் போடப் போறேன்?"

"எனக்கு வேணும்."

அவளுடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். அடுத்த மாதம் அவளை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கவில்லை.

எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. கடிதங்களைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டேன். அவை விசாரணை ஆவணம், தர இயலாது என்று பதில் வந்தது. ஒரு வருடம் கழித்து மறுபடி போட்டேன். அரசுத் தாளில் எழுதப்பட்டதால் அரசுக்குச் சொந்தம் என்றார்கள். மூன்றாவது மனுவுக்குப் பதிலே இல்லை. பிற்பாடு பதிவறையிலிருந்த ஒருவர் விசாரித்துச் சொன்னார்: பழைய ஃபைல்களைக் கழித்தபோது அதுவும் போய்விட்டதாம். எட்டு மாத எழுத்து. எங்களைத் தவிர அதை முழுசாகப் படித்தவர் அந்தச் செக்ஷன் ஆபீசர் ஒருவர்தான் என்று நினைக்கும்போது வருகிற எரிச்சலுக்கு அளவில்லை.

அவர் ஓய்வு பெற்றபோது ஆபீஸில் மாலை போட்டார்கள். நன்றி சொல்ல எழுந்தவர், டில்லியில் பிறக்கிற தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் எழுதத் தெரியாமல் வளர்கிறார்கள், அதுவும் பெண் குழந்தைகள், தன் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்று பேசினார். கை தட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்பதுகூடச் சந்தேகம்தான்.

எண்பதுகளின் நடுவில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிள்ளைகள், கணவரின் மாற்றல், என் வேலை என்று ஏதேதோ பேசினோம். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே, "இப்ப ஏதாவது எழுதறியா?" என்று கேட்டாள்.

"அப்பப்ப ரெண்டு மூணு கதை வந்திருக்கு. நீ?"

"நானா?" என்றாள். "அந்தக் கடுதாசியில கையெழுத்துப் போட்டேனே, அதுக்கப்புறம் தமிழ்ல ஒரு வரி எழுதல. அம்மாவுக்கு லெட்டர் போடறதுன்னாக்கூட இந்திதான். அப்பா அவளுக்குப் படிச்சுக் காட்டிடுவார்."

அவள் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அரிசி என்ன விலை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். கடைக்காரர் காய்களைக் கட்டிக் கொடுத்தார், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அத்தனை வருடமும் என் கோபத்தில் ஒரு பங்கு அவளுக்கு என்று வைத்திருந்தேன். கையெழுத்துப் போட்டவள் அவள்தானே என்று. அங்கே கடை வாசலில் நின்றபோது அந்தப் பங்கை அவளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. குறையவும் இல்லை அது. அப்படியே முழுசாக, போய்ச் சேர வேண்டியவர் பக்கம் திரும்பியது. உன்னைப் போல் எழுதத் தெரிந்தவள் இந்த ஊரில் இல்லை என்று சொன்னேன். அவள் சிரித்து, "சும்மா இரு யார்" என்று என் தோளில் தட்டிவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரமென்று வேகமாக நடந்தாள்.