பாடி மட்டும் வாங்கி வந்த டில்லி

1. நாலு மூலையும் கருப்பு

சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் மணமக்கள் ஃபைபர் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தூரத்தைக் கிட்ட இழுத்துக் காட்டும் டெலி லென்ஸை மாட்டிக் கேமராவைக் கண்ணில் வைத்தேன். படத்தின் நாலு மூலையும் கருப்பு. குழாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

"டில்லி, இன்னாடா இது?"

"க்ராப் மோட ஆஃப் பண்ணி வெச்சேன் மச்சான். ஃபுல் ஃப்ரேம் வாங்கிட்டு, அதுலயும் இன்னாத்துக்கு க்ராப்பு?"

டில்லி என் பார்ட்னர். செங்கல்பட்டில் இருவரும் சேர்ந்து கல்யாண ஃபோட்டோ எடுக்கிறோம். அன்று காலை அவனைக் கடலில் தள்ளிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

2. பார்ட்டி கேட்கிறதே

இந்தக் கூத்து போனில் ஆரம்பித்தது. சில வருஷமாகவே விசாரிக்கிறவர்கள் தேதியைச் சொன்ன கையோடு "ஃபுல் ஃப்ரேம்லதானே எடுப்பீங்க?" என்கிறார்கள். படூரிலிருந்து ஒருவர், "க்ராப் கேமரான்னா குரூப் ஃபோட்டோல ஓரத்துல நிக்கறவங்கள கட் பண்ணிடுமாமே சார்?" என்று கேட்டார். சென்சார் என்பது ஒளி விழுகிற சில்லு, ஃபுல் ஃப்ரேமில் அது பெரிது, க்ராப்பில் சிறிது, ஆளை யாரும் வெட்டுவதில்லை என்று விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உங்ககிட்ட ஃபுல் ஃப்ரேம் இல்ல" என்று வைத்துவிட்டார்.

டில்லிக்கு அது தாங்கவில்லை. நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து எங்கள் இரண்டு க்ராப் பாடிகளையும் விற்று, ஒரு ஃபுல் ஃப்ரேம் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை, வாங்கி வந்துவிட்டான்.

"லென்ஸ்?"

"பழசு கீதே மச்சான். அடாப்டர் போட்டா உக்காந்துக்கும்."

உட்காரும்தான். ஆனால் கிட்டத்தில் எடுக்கிற ஒரு ஃபிஃப்டி எம்எம் தவிர எங்கள் லென்ஸ் எல்லாம் சின்ன சென்சாருக்காகச் செய்தவை. அவை தரும் ஒளிவட்டம் பெரிய சென்சாரை மூடாது, அதனால்தான் மூலை கருப்பாகிறது. க்ராப் மோடில் போட்டால் கேமரா நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், பிக்சல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதாவது, இருந்த நல்ல க்ராப் கேமராக்களை விற்று, அதைவிட மோசமான ஒரு க்ராப் கேமராவை அதிக விலைக்கு வாங்கியிருந்தோம். இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது டில்லி புது கேமராவைக் கழுத்தில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரைக்குப் போனதற்கு முந்தின நாள் கல்யாண மண்டபத்தில் அந்த ஃபிஃப்டியைப் போட்டு எடுத்தேன். அழுக்கு ட்யூப்லைட் வெளிச்சத்திலும் படத்தில் புள்ளியில்லை, முகமெல்லாம் சுத்தமாக விழுந்தது. அதுதான் டில்லிக்கு இன்னும் தலைக்கேறிவிட்டது.

3. காசியண்ணன் படகு

பெண்ணின் அப்பா காசி, ஒரு மீனவர். மகள் தேவி அன்று மத்தியானமே கணவனோடு படூர் அபார்ட்மென்டுக்குக் கிளம்புகிறாள். "போறதுக்கு முன்ன என் படகுல ஒரு ரவுண்டு கூட்டிக்கினு போறேன் தம்பி. மூணு பேர் மூஞ்சியும் தெரியணும். வூட்ல பெருசா மாட்டணும்" என்று சொல்லியிருந்தார்.

படகு அலை உடைகிற இடத்தைத் தாண்டிவிட்டது. க்ராப் மோடைத் திரும்பப் போட்டு, கரையிலிருந்து எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் முகங்கள் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று மாவு உருண்டைகள். விற்ற பாடி இருந்திருந்தால் அதே லென்ஸில் இரண்டு மடங்குக்கும் மேல் பிக்சல் கிடைத்திருக்கும்.

"எடிட்டிங்ல ஷார்ப் பண்ணிக்கலாம் மச்சான்."

"இல்லாத கண்ண எங்கருந்துடா ஷார்ப் பண்ணுவ?"

கிட்டப் போவதைத் தவிர வழியில்லை. காசியின் தம்பி பக்கத்தில் தன் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். "ஏறு அண்ணாத்த, நான் இட்டுனு போறேன்" என்றார். ஃபிஃப்டியை மாட்டி, கேமராவைப் பாலிதீன் பையில் சுற்றி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. டில்லிக்குத் தெரியும், ஆனால் அவன் ட்ரைபாடைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

முதல் அலையிலேயே காலையில் தின்ற இட்லி வெளியே வந்தது. தேவி எதிர்ப் படகிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னா தம்பி, உயிரோட கீறியா?" என்று காசி கத்தினார்.

"இன்னும் கிட்ட வாங்கண்ணே!"

படகுகள் பக்கவாட்டில் நெருங்கின. இஞ்சின் கைப்பிடியில் இருந்த அப்பாவின் கைமேல் தேவி தன் கையை வைத்தாள். காசி அவளைப் பார்க்காமல் நேராகக் கடலையே பார்த்தார். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

கரைக்கு வந்து லேப்டாப்பில் காட்டினேன். காசியின் கண் நிறைந்திருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது.

"அது கடல்தண்ணி அடிச்சது" என்றார்.

"கண்ணுக்குள்ளருந்தா அடிச்சுது?" என்றாள் அவர் மனைவி.

காசி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இத்தையே பெருசா போடு தம்பி" என்றார். எந்தக் கேமரா என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் டில்லி அந்தப் படத்தை இணையத்தில் 'ஃபுல் ஃப்ரேம் மேஜிக்' என்று போட்டிருந்தான்.

அந்த சீசன் முடிந்ததும் ஒரு பழைய க்ராப் பாடி வாங்கினேன். டெலி லென்ஸ் அதில், ஃபிஃப்டி ஃபுல் ஃப்ரேமில். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள், அதற்கு எந்த லென்ஸ் வேண்டும் என்று பாருங்கள். பாடியைக் கடைசியில் வாங்குங்கள். பாடியை மட்டும் வாங்கிவிட்டு வந்தால், லென்ஸ் எட்டாத தூரத்தை நீங்கள்தான் போய்க் கடக்க வேண்டியிருக்கும், வாந்தியெடுத்துக்கொண்டு.