முதல் சுற்றிலேயே தோற்பவர்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் எங்கள் பெரியப்பா பத்து வருடமாக மூத்தோர் இறகுப்பந்துப் போட்டிகளில் ஆடுகிறார். இரண்டாம் சுற்றைக் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்க ஆசையும் இல்லை. காலை ஒன்பதரைக்குள் தோற்றுவிட்டால் மீதி நாள் முழுக்க கேலரியில் உட்காரலாம். அங்கே அவரைப் போலவே தோற்ற ஆறேழு பேர் இடம் பிடித்து வைத்திருப்பார்கள். ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளை, இன்னொருவர் முழங்காலுக்கு டாக்டர், எல்லாம் அங்கேதான் முடிவாகும்.

"விளையாடப் போறீங்களா, ஊர்க்கதை பேசப் போறீங்களா?" என்பார் பெரியம்மா.

"பேசுறதுக்குத்தான் விளையாடுறேன்" என்பார் இவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

போன மாதம் விதி விளையாடிவிட்டது. முதல் எதிராளிக்குக் கணுக்கால் பிசகியது. அடுத்தவர் வரவே இல்லை. அரையிறுதிக்காரர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். இறுதி ஆட்டத்தில் பெரியப்பா வலையில் அடித்த பந்துகூட எட்டிக் குதித்து அந்தப் பக்கம் விழுந்து தொலைத்தது. மாலையில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கேலரிக்கு ஓடினால், ஒருவரும் இல்லை. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இந்த மாதம் ஒழுங்காக ஒன்பதரைக்கே தோற்றுவிட்டு, நிம்மதியாகப் படியேறினார். அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. பத்து வருடமாக "அண்ணே, இங்க வாங்க" என்று நகர்ந்து இடம்விடும் பஸ் டிரைவர், சட்டென்று எழுந்து நின்றார்.

"உட்காருங்க சார்" என்றார்.